மூக்கைப் பார்த்து மோட்டார் வாங்குங்கள்: மலையில் பறக்கும் பெரிய ஆர்.சி. விமானத்துக்கு கியரா, நேரடி இணைப்பா?

ஊட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் தம்பி ஒருவர், பைப்பர் கப் என்ற சிறு விமானத்தின் நாலில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.) மாதிரி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக அறுத்து, ஒட்டி, துணி போர்த்தி முடித்திருக்கிறார். இறக்கையின் முழு நீளம் 2.69 மீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை எட்டரைக் கிலோவைத் தொடும். மூக்கில் எதைப் பூட்டுவது என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. மூன்று பேரிடம் கேட்டு மூன்று விடைகளை வாங்கி வந்திருந்தார். பழைய கை ஒருவர், இவ்வளவு பெரிய விமானத்தை கியர் இல்லாமல் மோட்டாரால் இழுக்கவே முடியாது என்றிருக்கிறார். கோவை நண்பர், கியர் காலம் மலையேறிவிட்டது, பெரிய அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும் மோட்டார்) ஒன்றை நேராகப் பூட்டிப் பறக்கவிடு என்றிருக்கிறார். மூன்றாமவர் பெட்ரோல் எஞ்சின்தான் ஆண்பிள்ளைத்தனம் என்று முடித்துவிட்டார். முதல் இருவர் சொன்னதும் தனித்தனியே சரிதான். ஆனால் இருவரும் அவரவர் விமானத்தையும் அவரவர் காலத்தையும் மனத்தில் வைத்துச் சொன்னார்கள். அந்தத் தம்பியிடம் தேநீர் ஆறும் வரை நான் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் சமவெளிக்காரர்கள் தரும் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலும், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. 32 டிகிரி வெயிலடிக்கும் கோவைப் பிற்பகலில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.10 கிலோ எடையிருக்கும். 20 டிகிரி உள்ள ஊட்டிப் பிற்பகலில் அதே கனமீட்டர் 0.93 கிலோதான். அதாவது, கோவையில் கிடைக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கு இங்கே இல்லை. சுமார் 2,130 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் பறக்கவிடுபவர்களும் இதே கணக்கைச் சிறு திருத்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம்.

காற்று மெலிந்தால் மூன்று காரியங்கள் நடக்கின்றன. இறக்கைக்கு அதே தூக்குவிசை வேண்டுமானால் விமானம் வேகமாக ஓட வேண்டும். நம் கப் கோவையில் மணிக்கு 38 கிலோமீட்டரில் மிதக்க மறுக்குமானால், ஊட்டியில் 41, 42 கிலோமீட்டரிலேயே மறுத்துவிடும். புரொப்பெல்லர் அதே சுற்றில் சுழன்றாலும் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு என்பதால் இழுவிசை குறையும். மூன்றாவது, பலரும் கவனிக்காதது: புரொப்பெல்லருக்கு வேலை குறைவதால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் குறையும். ஆம்பியர் மீட்டரைப் பார்த்து, அடடா, மோட்டார் குளிர்ச்சியாக ஓடுகிறதே என்று மகிழ்கிறவர், விமானம் மேலேற மறுக்கும்போதுதான் அந்தக் குளிர்ச்சியின் விலையை அறிவார்.

எண்களாகச் சொன்னால் தெளிவாகும். 22 அங்குல விட்டமும் 10 அங்குல பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய தூரம்) உள்ள புரொப்பெல்லர் ஒன்றை நிமிடத்துக்கு 5,500 சுற்றில் கோவையில் சுழற்றினால், என் கணக்கில் சுமார் 1,850 வாட் தண்டுத் திறனை விழுங்கி, நின்ற நிலையில் எட்டே முக்கால் கிலோ அளவுக்கு இழுக்கும். அதே புரொப்பெல்லரை அதே சுற்றில் ஊட்டியில் சுழற்றினால் 1,560 வாட் மட்டும் விழுங்கி ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். கோவையில் கிடைத்த இழுவிசையை இங்கேயும் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே புரொப்பெல்லரை இன்னும் வேகமாகச் சுழற்றுவது. இதற்குக் கோவையில் செலவானதைவிட அதிகத் திறன் செலவாகும், சத்தமும் கூடும். மற்றொன்று, புரொப்பெல்லரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழற்றுவது. கொடுக்கப்பட்ட திறனுக்கு நின்ற நிலை இழுவிசை எவ்வளவு என்பது காற்றின் அடர்த்தியையும் புரொப்பெல்லர் வருடும் வட்டப்பரப்பையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. அடர்த்தி குறைந்த அளவுக்குப் பரப்பைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும்: 22 அங்குலம் 24 ஆகும், பிட்ச் 11 ஆகும், சுற்று 5,500-இலிருந்து சுமார் 5,040-ஆக இறங்கும், திறன் அதே 1,850 வாட்டில் நிற்கும்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திறன் மாறாமல் சுற்று குறைந்தால் முறுக்குவிசை கூடியே ஆக வேண்டும். கோவையில் 3.2 நியூட்டன் மீட்டர் போதுமாயிருந்த தண்டு, இங்கே 3.5 நியூட்டன் மீட்டர் தர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பேருந்து கல்லாறு தாண்டியதும் கியரை இறக்குவதும் இதே காரணத்தால்தான். எனவே நம் கேள்வி எந்த மோட்டார் அதிக வாட் தரும் என்பதன்று. மெதுவாகச் சுழலும் பெரிய புரொப்பெல்லருக்கு வேண்டிய முறுக்குவிசையை எந்த ஏற்பாடு, எவ்வளவு எடையில், எவ்வளவு தொல்லையில் தரும் என்பதே.

மோட்டார் ஒன்றின் முறுக்குவிசை, காந்தங்களும் இரும்பும் சந்திக்கும் இடைவெளி நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. திருகையின் கைப்பிடி விளிம்பில் இருந்தால் அரைப்பது எளிது, நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் கை நோகும் என்பதைப் போல. உள்ளே காந்தத் தண்டு சுழலும் இன்ரன்னர் மெலிந்த உருளை. அதன் காந்தம் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால் முறுக்குவிசை குறைவு, ஆனால் நிமிடத்துக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் சுற்றுகள் அநாயாசமாக ஓடும். வெளிக்கூடே சுழலும் அவுட்ரன்னரில் காந்தங்கள் விளிம்பில் ஒட்டப்பட்டிருப்பதாலும், துருவங்களின் எண்ணிக்கை அதிகம் என்பதாலும், மெதுவாக, ஆனால் பலமாக முறுக்கும். இன்ரன்னர் சுற்றில் சம்பாதிப்பதை கியர் மூலம் முறுக்குவிசையாக மாற்றிக்கொள்கிறது. அவுட்ரன்னர் அந்த கியரைத் தன் உடலின் அகலத்திலேயே வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. மோட்டார் அட்டையில் காணும் கேவி எண்ணும் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இதையே வேறு மொழியில் சொல்கிறது: 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் கிடைக்கும் என்பது வந்துவிடும். கேவி குறையக் குறைய ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும்.

அந்தப் பழைய கை சொன்னது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் தவறான ஆள் அல்லர். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குயின்’ என்ற மாதிரி விமானத்தைப் பழைய ராணுவச் சரக்கு மோட்டாராலும் வெள்ளி–துத்தநாக பேட்டரியாலும் பறக்கவிட்ட நாள் முதல், மின்விமானக்காரர்களின் கையில் பல பத்தாண்டுகள் இருந்தவை பிரஷ் வைத்த மோட்டார்களும் கனத்த நிக்கல்–காட்மியம் செல்களும்தான். ஆஸ்ட்ரோ ஃபிளைட் நிறுவனத்தின் கோபால்ட் காந்த மோட்டார்கள் அந்தக் காலத்தின் உயர்ந்த சரக்கு. அவற்றையும் பெரிய விமானத்தில் கியர் பெட்டியோடு பூட்டுவதே வழக்கமாயிருந்தது. பிரஷ் இல்லாத மோட்டார்கள் வந்த பிறகும் இந்த வழக்கம் உடனே மாறிவிடவில்லை. எஃப்3ஏ என்னும் சாகசப் போட்டியில் 2000-களின் நடுவில் பலர் ஹேக்கர் நிறுவனத்தின் சி50 இன்ரன்னரை 6.7:1 பிளானட்டரி கியரோடுதான் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் கியர்) பறக்கவிட்டார்கள். முழு விமானமும் ஐந்து கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்ற விதியிருந்த அந்தப் போட்டியில் ஒவ்வொரு கிராமுக்கும் விலை இருந்தது. பிறகு நல்ல அவுட்ரன்னர்கள் வந்து பெரும்பாலான மூக்குகளைப் பிடித்துக்கொண்டன. ஆகவே பழையவர் சொன்னது அவர் பறக்கவிட்ட நாளுக்குச் சரி. இன்றைக்குச் சரியா என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்துப் பார்ப்போம். பேட்டரி 10 எஸ் லிப்போ (தொடராக இணைத்த பத்து லித்தியம்–பாலிமர் செல்கள்), பெயரளவில் 37 வோல்ட், சுமையில் 35 என்று வைத்துக்கொள்கிறேன். புரொப்பெல்லர் 24×11, சுற்று 5,040. சுருளிலும் வயரிலும் தொலைவது போக, புரொப்பெல்லர் தண்டில் கேவி சுமார் 155 இருக்க வேண்டும்.

நேரடி அவுட்ரன்னரில் இது 63 மில்லிமீட்டர் விட்டமும் 74 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அளவு. எடை 850 கிராம் அளவில் வரும். 60 ஆம்பியருக்குச் சற்று முன்னே பின்னே இழுக்கும். இரண்டு பேரிங்குகள், ஒரு தண்டு, நான்கு போல்ட்டுகள். தேய்வதற்கு வேறெதுவும் இல்லை. புரொப்பெல்லர் அடாப்டரைக் கூட்டில் நேராகத் திருகிவிட்டால் சுழலும் பாகம் முழுவதும் ஒரே துண்டு. தொல்லை என்று சொன்னால் இரண்டு. தரையில் புரொப்பெல்லர் மோதினால் அந்த அடி நேரே மோட்டார் தண்டுக்கும் பேரிங்குக்கும் போகும். அடுத்து, வேண்டிய கேவி கடையில் இருக்க வேண்டும். 170 எளிதாகக் கிடைக்கும், 190 எளிதாகக் கிடைக்கும், 155 கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். கோவையில் மோட்டார் வைண்டிங் செய்யும் பட்டறைகளுக்குக் குறைவில்லை என்றாலும், இந்த அளவுச் சிறிய ஸ்டேட்டரில் (சுழலாமல் நிற்கும் இரும்புப் பகுதியில்) தடித்த கம்பியை நெருக்கிச் சுற்றித்தரப் பொறுமையுள்ள கைகள் அரிது. 170 கேவி மோட்டாரையே வாங்கி, புரொப்பெல்லரை 23 அங்குலத்தில் நிறுத்திக்கொள்வதுதான் நடைமுறை. இழப்பு சிறிது, யாரும் மைதானத்தில் கண்டுபிடித்துவிட மாட்டார்கள்.

பிளானட்டரி கியரோடு கூடிய இன்ரன்னரில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டாரும், அதே விட்டத்தில் அதன் முகத்தில் திருகப்பட்ட கியர் பெட்டியும் சேர்ந்து 550 முதல் 600 கிராம். மோட்டாரின் கேவி 1,030 என்றால் 6.7-ஆல் வகுத்து 154 கிடைக்கிறது. மோட்டார் உள்ளே நிமிடத்துக்கு ஏறத்தாழ 33,800 சுற்று ஓடும். நடுவிலுள்ள சூரியச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் ஓடி, அவற்றைத் தாங்கும் தட்டு புரொப்பெல்லர் தண்டைச் சுழற்றுகிறது. உள்ளே போகும் தண்டும் வெளியே வரும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பது இதன் அழகு. ஒரு கட்ட பிளானட்டரியில் திறன் இழப்பு நூற்றுக்கு நாலைந்து. நல்ல இன்ரன்னர் அவுட்ரன்னரைவிடச் சற்றுத் திறமையானது என்றாலும், அந்த மிச்சத்தை கியர் தின்றுவிடுவதால் கடைசியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பறக்கும் நேரம் கூடும் என்று சொல்லி கியரை விற்பவர்களிடம் ஆம்பியர் மீட்டரைக் கேளுங்கள்.

ஆக, கியர் தருவது கால் கிலோ எடைக் குறைவும் மெலிந்த உடலும். இவ்விரண்டும் கப் விமானத்துக்குத் தேவைதானா? கப்பின் மூக்கு குட்டை, வால் நீளம். அசல் விமானத்தில் கனத்த நான்கு சிலிண்டர் எஞ்சின் மூக்கில் உட்கார்ந்து சமன் செய்தது. மாதிரி விமானத்தில், எவ்வளவு கவனமாக வாலை லேசாகச் செய்தாலும், ஈர்ப்பு மையத்தை இறக்கையின் சரியான இடத்துக்குக் கொண்டுவர மூக்கில் ஈயம் வைக்காத கப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. நாலு காசு அதிகம் கொடுத்து கால் கிலோ குறைந்த மோட்டாரை வாங்கி, பிறகு அதே கால் கிலோவை மீன்பிடி ஈயக்குண்டாக வாங்கி, மோட்டாரைப் பூட்டும் முன்தட்டான ஃபயர்வாலில் ஒட்டுவது என்ன புத்திசாலித்தனம்? அகலமும் அப்படியே, கப்பின் மூக்கு மூடியான கௌலிங்குக்குள் 63 மில்லிமீட்டர் மோட்டார் தாராளமாக நுழைந்து, சுற்றிலும் காற்றோடவும் இடமிருக்கும்.

இதையே சரிவுக் காற்றில் மிதக்கும் நாலரை மீட்டர் கிளைடருக்குக் கேட்டிருந்தால் என் விடை தலைகீழாக மாறியிருக்கும். தன் மோட்டாரால் மேலேறி, பிறகு அதை நிறுத்தி மடக்குப் புரொப்பெல்லரை உடலோடு ஒட்டிக்கொண்டு மிதக்கும் அந்த வகை விமானத்தின் மூக்கில், புரொப்பெல்லரின் நடுவை மூடும் கூம்பான ஸ்பின்னரின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டாது. அதற்குள் 63 மில்லிமீட்டர் அவுட்ரன்னரைத் திணிக்க முடியாது. நுழையும் அளவுக்குச் சிறிய அவுட்ரன்னரால் 19, 20 அங்குல மடக்குப் புரொப்பெல்லரைச் சூடேறாமல் முறுக்க முடியாது. அங்கே நீளத்துக்குக் குறைவில்லை, அகலத்துக்குத்தான் பஞ்சம். நீளமான மெலிந்த இன்ரன்னரும் அதன் முன் பிளானட்டரியும் அந்த மூக்குக்கென்றே அளவெடுத்ததுபோல் போய் உட்காரும். மூக்கில் அகலம் இருந்தால் அகலமான மோட்டாரை வாங்குங்கள். இல்லையென்றால் சுற்றை வாங்கி, கியரால் முறுக்குவிசையாக மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் மலைக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே, மற்றவையெல்லாம் பராமரிப்பு.

ஆனால் அந்தப் பராமரிப்பு சிறிய விஷயமன்று. பழைய கிளைடர் ஒன்றில் சூரியச் சக்கரத்தை மோட்டார் தண்டில் நானே லாக்டைட் பசை வைத்து ஒட்டினேன். தண்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க மறந்தேன். நான்காவது பறப்பில், அறுபது மீட்டர் உயரத்தில், மோட்டாரின் சத்தம் திடீரென்று ஊளையாக உயர்ந்தது; புரொப்பெல்லரோ காற்றில் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தண்டு சக்கரத்துக்குள் வழுக்கிச் சுழல்கிறது என்பது புரிவதற்குள் பாதி உயரம் போயிற்று. உருளைக்கிழங்குப் பாத்தியில் இறங்கியதால் சேதம் இல்லை, தோட்டக்காரரின் வசவு மட்டும். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது கிரீஸ் சாம்பல் நிறமாகி, விரலில் தேய்த்தால் நறநறவென்று இரும்புத்தூள் தட்டுப்பட்டது. இந்தத் தூளைக் கண்டால் பற்கள் தேயத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்; துடைத்துப் புது கிரீஸ் இட்டு ஓட்டலாம், ஆனால் கணக்குத் தொடங்கிவிட்டது.

மலையில் இதற்கு இன்னொரு பகையும் உண்டு. மூடுபனி மாதங்களில் காரிலிருந்து எடுத்த குளிர்ந்த உலோகத்தின் மேல் ஈரம் பூத்து உட்காரும். மூடிய கியர் பெட்டிக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி பேரிங்கில் துருவாகும். பறப்பு முடிந்தவுடன் சூடாக இருக்கும்போதே விமானத்தை ஈரக் காற்றில் போட்டுவிடாமல் துணியால் மூடி, வீட்டுக்கு வந்து உலர்ந்த அறையில் திறந்து வைப்பது நல்லது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியான ஈ.எஸ்.சி.யில் மென்தொடக்கத்தை நிச்சயம் இயக்கிவையுங்கள். 24 அங்குலப் புரொப்பெல்லரை ஒரே வெட்டில் தொடக்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் சில பற்களின் மேல் விழும். மடக்குப் புரொப்பெல்லருக்கு பிரேக் வைக்கும்போதும் அப்படியே, கடுமையான பிரேக் வேண்டாம்.

பெல்ட் ஏற்பாடு மூன்றாவது வழி. எனக்கு இதன் மேல் ஒரு பாசம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஆகையால் நான் சொல்வதில் சற்றுக் கழித்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள, எளிதில் கிடைக்கும் 350 கேவி அவுட்ரன்னரின் தண்டில் 16 பல் சக்கரம், புரொப்பெல்லர் தண்டில் 36 பல் சக்கரம், நடுவே 5 மில்லிமீட்டர் பல்லிடைவெளியும் 15 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட டைமிங் பெல்ட். விகிதம் 2.25, தண்டில் கிடைக்கும் கேவி 156. சி.என்.சி. இயந்திரங்களுக்கும் ஆலை எந்திரங்களுக்கும் போகும் அதே பெல்ட்தான் என்பதால் கோவையில் கடை தேடி அலைய வேண்டாம். தட்டுகளையும் தண்டையும் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். புரொப்பெல்லர் தண்டுக்கென்று தனியே இரண்டு பெரிய பேரிங்குகள் இருப்பதால், தரையில் மோதினால் அடியை அவை வாங்கிக்கொள்ளும், பெல்ட் சற்றுக் கொடுத்துவிடும், மோட்டார் தப்பிக்கும். மேடுபள்ளமான மலைப் புல்வெளியில் இறங்குகிறவர்களுக்கு இது சிறிய சலுகையன்று.

இதன் இன்னொரு வசதி எங்களைப் போல மேலும் கீழும் போய்வருகிறவர்களுக்குத்தான் புரியும். ஊட்டியில் 24×11 புரொப்பெல்லரோடு இதமாக ஓடும் விமானத்தைக் கோவை மைதானத்துக்குக் கொண்டுபோய், எதையும் மாற்றாமல் முழு வேகத்தில் விட்டால், அடர்ந்த காற்றில் மின்னோட்டம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எகிறும். 58 ஆம்பியர் 68-ஐத் தொடும். வெயிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதல். சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேரடி மோட்டாரில் இதற்குத் தீர்வு புரொப்பெல்லரை 22-க்கு மாற்றுவது. பெல்ட்டில் இன்னொரு தீர்வும் உண்டு: 36 பல் சக்கரத்துக்குப் பதில் 40 பல் சக்கரமும் அதற்கேற்ற நீளத்தில் பெல்ட்டும் மாட்டினால் விகிதம் 2.5 ஆகி, அதே பெரிய புரொப்பெல்லர் மெதுவாகச் சுழலும். உண்மையைச் சொன்னால், பத்தில் ஒன்பது முறை நானும் புரொப்பெல்லரைத்தான் மாற்றுகிறேன். அது இரண்டு நிமிட வேலை, சக்கரம் மாற்றுவது அரைமணி நேர வேலை.

பெல்ட்டின் குறை எடை. மோட்டார் 420 கிராம் என்றாலும், தட்டுகள், தண்டு, பேரிங்குகள், சக்கரங்கள் சேர்ந்து இன்னொரு 350 கிராம் வந்துவிடும். நேரடி மோட்டாரைவிட மிச்சமாவது பெரிதாக ஒன்றுமில்லை. மற்றொன்று இழுப்பு. முழு வேகத்தில் பெரிய சக்கரத்தின் விளிம்பில் பெல்ட்டை இழுக்கும் விசை 12 கிலோவைத் தாண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் சிறிய சக்கரத்தில் பல் தாண்டும். எனக்கு அது நடந்தபோது விமானம் தரையை விட்டு ஒரு முழம்தான் எழும்பியிருந்தது. துணியைக் கிழித்தாற்போல் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம், மறுகணம் சக்கரங்கள் மீண்டும் புல்லில். மோட்டாரை நகர்த்தி இழுப்பை வைக்கும் காடியில் இரண்டு போல்ட்டுகள் அதிர்வில் தளர்ந்திருந்தன. அடியில் நைலாக் நட்டு போட்டிருக்க வேண்டிய இடத்தில் நான் சாதாரண நட்டைப் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் பறக்கவிடும் முன் பெல்ட்டின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது, வீணைக் கம்பியைத் தட்டிப் பார்ப்பதைப் போலக் கைக்குப் பழகிவிட்டது.

பெட்ரோல் எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காற்றை உறிஞ்சி வாழும் எதுவும் இந்த உயரத்தில் காற்று குறைந்த அளவுக்குப் பலமும் குறையும். கோவையில் வைத்த கார்புரேட்டர் ஊசி இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றி எஞ்சினைத் திணறவைக்கும், ஒவ்வொரு முறை மலையேறும்போதும் இறங்கும்போதும் ஊசியைத் திருக வேண்டும். பேட்டரிக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். அரைமணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பவர்கள் எஞ்சினையே எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்தில் மைதானத்தின் ஓரம் காட்டெருமைகள் மேய வருவதுண்டு. மின்விமானம் தலைக்கு மேல் போனால் காதை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் அவை, பெட்ரோல் எஞ்சினின் உறுமலுக்கு எப்படி எதிர்வினை காட்டும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எந்த மோட்டாரை எடுத்தாலும் இரண்டு விஷயங்கள் மலைக்குப் பொது. ஒன்று, பெரிய புரொப்பெல்லருக்குத் தரை இடைவெளி. 24 அங்குலம் என்றால் தண்டிலிருந்து கீழே முப்பது சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். கப் ஓடத் தொடங்கி வால் எழும்பும் நேரத்தில் அதன் நுனி புல்லை வெட்டக் கூடாது. இதைச் சரிபார்க்காமல் மோட்டார் வாங்குவது, வாசலை அளக்காமல் பீரோ வாங்குவதைப் போன்றது. விமானம் தரையில் ஓடும் சக்கரத்தை ஒரு சுற்று பெரிதாக்கிக்கொள்ள முடியுமா என்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் 23-இல் நின்றுகொள்ளுங்கள். மற்றொன்று குளிர். மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், இரவெல்லாம் காரிலேயே கிடந்த லிப்போ பேட்டரி முழு வேகத்தில் வோல்ட்டை இறக்கிவிடும். உள்தடை உயர்வதால் 35 வோல்ட் தர வேண்டியது 32-இலேயே தொங்கும். தெர்மகோல் பெட்டியில் சுடுதண்ணீர்ப் பையோடு பேட்டரியைச் சுற்றி வைத்து, கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் நிலையில் எடுத்துப் பூட்டினால் அந்தக் குறை தீரும். பிளானட்டரி வைத்திருப்பவர்கள் அதே காலையில் கட்டியாகிப்போன கிரீஸுக்காக அரை நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் வேகக் குச்சியைத் தள்ளுங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: கப்புக்கு 63×74 அளவில் 170 கேவி நேரடி அவுட்ரன்னர், 10 எஸ் 5,000 மில்லிஆம்பியர்–மணி பேட்டரி, 100 ஆம்பியர் ஈ.எஸ்.சி., ஊட்டிக்கு 23 அங்குல மரப் புரொப்பெல்லர், கோவைக்குப் போகும்போது பெட்டியில் ஒரு 22. பேட்டரியை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவைத்துவிட்டு, ஈயத்தைக் கடைசியாக யோசிக்கட்டும். கியர் பெட்டிக்கு ஒதுக்கிவைத்திருந்த பணத்தில் இரண்டாவது பேட்டரி வாங்கச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, “அப்படியானால் அந்தக் கிளைடரை வார்க்கும் அச்சை எப்போது தருகிறீர்கள் அண்ணா?” என்று கேட்டார். அதற்குப் பிளானட்டரி வேண்டும் என்பதை நானே சற்று முன்புதான் சொல்லியிருந்தேன்.